ஆறு செகண்டும் ஒரு சைபரும்

ஜோசியர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. 1985-ல் தொடங்கி 2022 வரை, முப்பத்தேழு வருஷம் பிரசவ வார்டில் ஸ்டாஃப் நர்ஸாக இருந்த என்னிடம், 'ஆணா, பொண்ணா?' என்பதற்கு அடுத்தபடியாக அதிகம் பேர் கேட்ட கேள்வி, 'கரெக்டா எத்தனை மணிக்கு சிஸ்டர்?' என்பதுதான். பெற்றவள் எப்படி இருக்கிறாள் என்பது மூன்றாவது கேள்வி. சில வீடுகளில் நான்காவது. மூன்றாவது, கேன்டீன் எந்தப் பக்கம் என்பது.

ஒருத்தர் கையில் பஞ்சாங்கத்தோடேயே வந்திருந்தார். "எட்டு பதினேழுன்னு எழுதியிருக்கீங்களே, அது தலை தெரிஞ்ச நேரமா, முழுசா வெளில வந்த நேரமா, கொடி அறுத்த நேரமா? எட்டு பதினெட்டுக்கு லக்னம் மாறுது!" என்று கேட்டாரே பார்க்கலாம்!

"முழுசா வந்த நேரம் சார்."

"ஒரு நிமிஷம் கூடக் குறைய இருக்குமோ?"

"எங்க வார்டு கடிகாரம் நகைக்கடைக்காரர் அன்பளிப்பாக் குடுத்தது. அவரைத்தான் கேக்கணும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டேன்.

யோசித்துப் பார்த்தால் இந்த விஷயத்தில் ஜோசியரும் நாங்களும் ஒரே கட்சி. பிறந்த முதல் நிமிஷம்தான் எல்லாம் என்று அவரும் சொல்கிறார், நாங்களும் சொல்கிறோம். அவர் அந்த நிமிஷத்தை வைத்துக்கொண்டு சாவகாசமாக எண்பது வருஷத்துக்குக் கணக்குப் போடுவார். நாங்கள் அந்த நிமிஷத்துக்குள்ளேயே ஒரு கணக்கைப் போட்டு முடித்தாக வேண்டும். எங்கள் கணக்கு சரியாக வந்தால்தான் அவருக்குப் பிழைப்பு.

கணக்கு ரொம்பச் சின்னது. குழந்தையின் மார்பில் இடது பக்கம் ஸ்டெதஸ்கோப்பை வைக்க வேண்டும். அது கைக்கு அகப்படாவிட்டால், தொப்புள் கொடி வயிற்றோடு சேருகிற இடத்தை இரண்டு விரலால் பிடித்தாலே துடிப்பு தெரியும். ஆறு செகண்டுக்கு எத்தனை துடிப்பு என்று எண்ணி, பக்கத்தில் ஒரு சைபர் போட வேண்டியது. 14 என்றால் 140. ஆயாம்மாவுக்கு டீ சொல்லிவிடலாம். 10-க்குக் கீழே, அதாவது 100-க்குக் கீழே போனால், குழந்தைக்கு மூச்சு போதவில்லை என்று அர்த்தம். முகமூடியை வைத்து ஆம்பு பேக்கை அழுத்திக் காற்றுக் கொடுக்க வேண்டும். அரை நிமிஷம் காற்று ஒழுங்காக உள்ளே போன பிறகும் 6-க்குக் கீழேயே, அதாவது 60-க்குக் கீழேயே நின்றால், மார்பையும் அழுத்த ஆரம்பிக்க வேண்டும். மூன்று அழுத்து, ஒரு மூச்சு. மூன்று அழுத்து, ஒரு மூச்சு.

அதென்ன ஆறு செகண்ட் என்று கேட்பீர்கள். பதினைந்து செகண்ட் எண்ணி நாலால் பெருக்கலாம்தான். ஆனால் ராத்திரி இரண்டு மணிக்கு, நீலம் பாரித்த ஒரு குழந்தையை முன்னால் வைத்துக்கொண்டு நாலாம் வாய்ப்பாடு சொல்லிப் பாருங்கள். சைபர் போடுவதற்குத்தான் அந்த நேரத்தில் யாருக்கும் தெம்பு இருக்கும்.

எண்ணுகிற ஆளுக்கு இன்னொரு வேலையும் உண்டு. இடது கையில் ஸ்டெதஸ்கோப்பைப் பிடித்துக்கொண்டு, வலது கை ஆட்காட்டி விரலால் காதில் விழுகிற ஒவ்வொரு துடிப்பையும் மேஜை விளிம்பில் தட்டிக் காட்ட வேண்டும். அப்போதுதான் பேக்கை அழுத்துகிறவர், மருந்து எடுக்கிறவர் எல்லோருக்கும் வாய்விட்டுக் கேட்காமலேயே நிலவரம் தெரியும். விரல் வேகமாகப் போனால் நல்லது. மெதுவாகப் போனால் அந்த அறையில் யாருக்கும் எச்சில் இறங்காது.

இந்தப் பழக்கம் என் விரலை விட்டுப் போகவே இல்லை. பஸ் சீட்டில் தட்டுவேன், ரேஷன் கடை கவுன்ட்டரில் தட்டுவேன். என் வீட்டுக்காரர் ஒரு தடவை திருவையாறு தியாகராஜர் ஆராதனைக்குக் கூட்டிக்கொண்டு போனார். பக்கத்தில் இருந்த பெரியவர் கொஞ்ச நேரம் என் விரலையே கவனித்துவிட்டு, "நீங்க போடுறது எந்தத் தாளம்மா? மேடையில வாசிக்கிறதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லையே?" என்றார். நிமிஷத்துக்கு 140 போகிற தாளம், எந்தச் சபாவில் சேரும்?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். வெளியில் வராந்தாவில் நிற்கிறவர்களுக்கு ஒரே ஒரு அளவுகோல்தான்: அழுகை. 'குவா' கேட்டால் பிழைத்தது. கேட்காவிட்டால் அடிவயிறு கலங்கும். அதைத் தப்பு என்று சொல்ல மாட்டேன். அழுகிற குழந்தை மூச்சு விடுகிறது, அவ்வளவு நிச்சயம். நூறு குழந்தை பிறந்தால் எண்பத்தைந்து தானாகவே மூச்சு எடுத்துக்கொள்ளும். இன்னொரு பத்து, துணியால் நன்றாகத் துடைத்து முதுகைத் தேய்த்துவிட்டதும் 'சரி சரி, எழுந்துட்டேன்' என்கிற மாதிரி முனகிக்கொண்டு ஆரம்பிக்கும். மிச்சம் இருக்கிறதே ஒரு ஐந்து, அதற்காகத்தான் இந்த ஆறு செகண்ட் கணக்கெல்லாம். அந்த ஐந்தில் ஒன்று அழவில்லை என்பது மட்டும் தெரிந்து ஒரு பிரயோஜனமும் இல்லை. எவ்வளவு மோசம், நாம் செய்வது பலிக்கிறதா இல்லையா என்று தெரிய வேண்டும். அதை அழுகை சொல்லாது. ஹார்ட் சொல்லும்.

இங்கே ஒரு விஷயத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். அந்தக் குழந்தையின் ஹார்ட் பெரும்பாலும் பழுதே இல்லாத ஹார்ட். அம்மா வயிற்றில் இருக்கும் வரை குழந்தையின் நுரையீரலில் காற்று கிடையாது, நீர்தான். ஆக்சிஜன் எல்லாம் நஞ்சு வழியாக, கொடி வழியாக வந்துகொண்டிருந்தது. பிறந்த மாத்திரத்தில் அந்தச் சப்ளை நின்றுபோய், நுரையீரல் சார்ஜ் எடுத்துக்கொள்ள வேண்டும். பழைய ஆபீசர் மாற்றலாகிப் போய்விட்டார், புது ஆபீசர் இன்னும் ஜாயின் பண்ணவில்லை என்றால் ஆபீஸ் எப்படி இருக்கும்? அந்த மாதிரி ஒரு இடைவெளி. ஆக்சிஜன் வரவில்லை என்றதும் ஹார்ட் மெதுவாகிறது. அதாவது அங்கே ஹார்ட் குற்றவாளி இல்லை, புகார் மனு கொடுக்கிறவர். மனுதாரரைப் பிடித்து உலுக்கி என்ன லாபம்? மனுவைப் படித்துவிட்டு, சம்பந்தப்பட்ட இலாகாவுக்குக் காற்றை அனுப்ப வேண்டும். காற்று ஒழுங்காகப் போனால் முதலில் தெரிகிற நல்ல சகுனமே துடிப்பு ஏறுவதுதான். நிறம் அப்புறம் மாறும், கை கால் அப்புறம் அசையும், அழுகை கடைசியில் வரும்.

இதை முதலில் காகிதத்தில் எழுதி வைத்த மகராசியைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லாமல் போகக் கூடாது. வர்ஜீனியா ஆப்கர். நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழக ஆஸ்பத்திரியில் மயக்க மருந்து டாக்டர். அந்தக் காலத்தில் குழந்தை பிறந்ததும் எல்லோருடைய கவனமும் தாய் மேல்தான்; சுவாசிக்கத் திணறுகிற குழந்தையைப் பார்க்க முறையாக ஒரு ஏற்பாடு இல்லை. குழந்தையின் நிலையை எப்படி மதிப்பிடுவது என்று சாப்பாட்டு மேஜையில் ஒரு மாணவர் கேட்க, கையில் கிடைத்த ஒரு துண்டுக் காகிதத்தில் ஐந்து விஷயங்களை அந்த அம்மாள் கிறுக்கிக் கொடுத்ததாகச் சொல்வார்கள். இதயத் துடிப்பு, மூச்சு, தசையின் விறைப்பு, தூண்டினால் முகம் சுளிக்கிறதா, உடம்பின் நிறம். ஒவ்வொன்றுக்கும் 0, 1, 2 என்று மார்க். மொத்தம் 10. அதை 1952-ல் ஒரு கூட்டத்தில் சொன்னார், 1953-ல் கட்டுரையாக வந்தது. அந்த ஐந்தில் எது ரொம்ப முக்கியம் என்பதையும் அந்தக் கட்டுரையிலேயே எழுதிவிட்டார்: இதயத் துடிப்பு. 100-க்கு மேல் இருந்தால் 2 மார்க், குறைந்தால் 1, இல்லவே இல்லை என்றால் 0.

(அவர் பெயரின் ஐந்து ஆங்கில எழுத்துகளே அந்த ஐந்து விஷயங்களின் முதல் எழுத்துகளாக வருகிற மாதிரி 1962-ல் வேறு ஒரு டாக்டர் சூத்திரம் அமைத்துக் கொடுத்தார். நர்சிங் ஸ்கூல் பிள்ளைகள் அதனால்தான் ஆப்கர் என்பது ஆள் பெயர் என்றே தெரியாமல் பாஸ் பண்ணிவிடுகிறார்கள். 1994-ல் அமெரிக்க அரசாங்கம் அவருக்கு 20 சென்ட் தபால் தலை வெளியிட்டது. என்னைக் கேட்டால் நோட்டிலேயே படம் போட்டிருக்கலாம்.)

ஆனால் ஒன்று. முதல் மார்க் போடுவது ஒரு நிமிஷம் ஆனதும். அது வரை கையைக் கட்டிக்கொண்டு நின்றால் குழந்தை என்ன ஆவது? மார்க் ஷீட் பாட்டுக்கு மார்க் ஷீட், வேலை பாட்டுக்கு வேலை. மூச்சு விடாத குழந்தைக்கு அந்த ஒரு நிமிஷத்துக்குள் பேக்கை வைத்துவிட வேண்டும் என்பதுதான் பாடம்.

1991 ஐப்பசி. காவிரிக் கரையோரம் ஒரு தாலுகா ஆஸ்பத்திரியில் நைட் டியூட்டி. ஊரே மழையில் மிதந்துகொண்டிருந்தது. டாக்டரம்மாவுக்கு அதுதான் முதல் போஸ்ட்டிங். என்னைவிட நாலு வயசு சின்னவர். அறுவடைக் கூலிக்குப் போகிற வீட்டுப் பெண், தலைப்பிரசவம். வலி நீண்டுகொண்டே போய், பிள்ளை வெளியே வந்தபோது ஈரத் துணி மாதிரி கையில் தொங்கியது. துடைத்தோம், முதுகைத் தேய்த்தோம். ஒரு முனகல் கூட இல்லை. மேஜைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். அந்த மேஜைக்கு மேல் தொங்குகிற 200 வாட் பல்புதான் அன்றைக்கு எங்கள் ஊர் வார்மர். அதன் அடியில் கிடத்தி, டாக்டரம்மா பேக்கைக் கையில் எடுக்கவும், கரண்ட் போகவும் சரியாக இருந்தது.

ஆயாம்மா டார்ச்சை எடுத்து அடித்தாள். அந்த வெளிச்சம் குழந்தையின் முகத்துக்குத்தான் போதும். டாக்டரம்மாவுக்கு முகமூடி சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று தெரிய வேண்டுமே. நான் கொடியைப் பிடித்துப் பார்த்தேன், பிடி கிடைக்கவில்லை. ஸ்டெதஸ்கோப்பை வைத்தேன். லப்... லப்... லப்... லப். ஆறு செகண்டுக்கு நாலு. நாற்பது. விரலைத் தட்டுகிறேன், இருட்டில் டாக்டரம்மா கண்ணுக்குத் தெரியவில்லை. "சிஸ்டர், எவ்ளோ? எவ்ளோ?" என்கிறார். நான் பதில் சொன்னால் எண்ணுவது விட்டுப்போகும். பக்கத்தில் எவர்சில்வர் கிட்னி ட்ரே இருந்தது. அதை இழுத்து வைத்துக்கொண்டு நகத்தால் தட்ட ஆரம்பித்தேன்.

டொக்... டொக்... டொக்...

மழைச் சத்தத்தை மீறி அது கேட்டது. டாக்டரம்மா பேக்கை அழுத்துகிறார், நெஞ்சு எழும்பவில்லை. டொக்... டொக்... இன்னும் மெதுவாகிற மாதிரி இருந்தது. "தலை மடங்கியிருக்கு டாக்டர்" என்றேன். ஆயாம்மா சொல்லாமலேயே தன் முந்தானையைச் சுருட்டித் தோளுக்கு அடியில் கொடுத்தாள். கழுத்து லேசாக நிமிர்ந்தது. முகமூடியை மறுபடி அழுத்தி வைத்தார். இப்போது டார்ச் வெளிச்சத்தில் அந்தச் சின்ன நெஞ்சு எழும்பி இறங்குவது தெரிந்தது. ஒன்று, இரண்டு, மூன்று தடவை... எத்தனை என்று யார் எண்ணினார்கள்? டொக்.. டொக்.. டொக் டொக் டொக்டொக்டொக்.

எழுதப் படிக்கத் தெரியாத ஆயாம்மாதான் முதலில் கத்தினாள்: "ஓடுதும்மா! குதிரையாட்டம் ஓடுது!"

அதற்கப்புறம் முழுசாக இரண்டு நிமிஷம் கழித்துத்தான் குழந்தை அழுதது.

கரண்ட் வந்ததும் வெளியே போனேன். பாட்டிக்காரி வராந்தாத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "புள்ள அழுவுலயே, அழுவுலயேன்னு உசுரே போயிடுச்சு தாயி! அப்புறம்தான் தாம்பாளத்தைத் தட்டுற சத்தம் கேட்டுச்சு. நம்ம நர்ஸம்மாவுக்கு வெவரம் தெரிஞ்சிருக்குன்னு நெனச்சுக்கிட்டேன். எங்க மாமியாளும் இப்படித்தான், அழுவாத புள்ள காதுகிட்ட தாம்பாளத்தைத் தட்டுவா. ஒடனே முழிச்சுக்கும்!" என்றாள்.

நானும் டாக்டரம்மாவும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டோம். விளக்கம் சொல்ல இரண்டு பேருக்குமே தெம்பில்லை. அந்த ஊரில் எங்கள் ஆஸ்பத்திரிக்கு ரொம்ப நாளைக்கு 'தாம்பாளம் தட்டுற ஆஸ்பத்திரி' என்றே பெயர் இருந்தது.

தட்டியும் ஓடாத விரலும் உண்டு. 2011-ல் ஒரு பகல். நஞ்சு முன்னாலேயே பிரிந்து, ரத்தப் போக்கோடு வேனில் கொண்டுவந்து இறக்கினார்கள். தாயைக் காப்பாற்றிவிட்டோம். குழந்தைக்குப் பேக், மார்பு அழுத்தம், மருந்து எல்லாம் நடந்தது. எத்தனை நேரம் துடிப்பே கேட்காவிட்டால் நிறுத்துவதைப் பற்றி யோசிக்கலாம் என்பதற்கு அப்போது எங்களுக்குப் பாடம் பத்து நிமிஷம். 2020-ல் வந்த வழிகாட்டுதல் அதை இருபது நிமிஷம் வரை நீட்டியது. அன்றைக்கு அந்த டாக்டர் பத்தோடு விடவில்லை. அவர் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். அது மேஜை விளிம்பில் வைத்த இடத்திலேயே இருந்தது. கேஸ் ஷீட்டில் நேரம் எழுதும்போது, யாரும் என்னிடம் 'கரெக்டா எத்தனை மணிக்கு?' என்று கேட்கவில்லை.

வேறு பேச்சுக்குப் போகலாம்.

2009-ல் மத்திய அரசு 'நவஜாத் சிசு சுரக்ஷா' என்று ஒரு திட்டம் கொண்டுவந்தது. பிறந்த குழந்தைக்கு முதல் மூச்சுக்கு உதவுவது எப்படி என்று நர்ஸ்களுக்கும் டாக்டர்களுக்கும் இரண்டு நாள் பயிற்சி. நானும் போனேன். இருபத்து நாலு வருஷம் சர்வீஸ் போட்டவளுக்கு என்ன பயிற்சி என்கிற தோரணையோடுதான் போய் உட்கார்ந்தேன். மேஜை மேல் ஒரு பொம்மை. ஆடியது, அசைந்தது எல்லாம் இல்லை. சொன்ன பேச்சைக் கேட்கிற குழந்தை. பின்னால் ஒரு பயிற்சியில் வந்த பொம்மை இன்னும் கெட்டிக்காரப் பொம்மை. அதன் கொடியோடு ஒரு ரப்பர் பந்து இணைத்திருக்கும். அதை டீச்சரம்மா முந்தானைக்குள் மறைத்துவைத்து அழுத்துவார், கொடி துடிக்கும். நாம் எண்ணிச் சொல்ல வேண்டும். நல்லவேளை, நான் சரியாகச் சொன்னேன். எனக்கு அடுத்து ஒரு ஆண் டாக்டர் "ஒன்பது... இல்லை பன்னிரண்டு... சார் பொம்மைக்கு என்ன வியாதி?" என்றார். அழுத்திக்கொண்டிருந்த டீச்சரம்மாவுக்குச் சிரிப்பு வந்து, பொம்மைக்கு ஹார்ட் தாறுமாறாகப் போய்விட்டது.

சிரிக்கிற விஷயம் இல்லைதான். ஆறு செகண்ட் கணக்கில் ஒரு துடிப்பு விட்டுப்போனால் நிமிஷத்துக்குப் பத்து குறைகிறது. கைக்கணக்கு எவ்வளவு நம்பிக்கையானது என்று மெல்போர்ன் நகரத்து டாக்டர்கள் ஈசிஜியோடு ஒப்பிட்டுப் பார்த்து 2006-ல் எழுதினார்கள். ஸ்டெதஸ்கோப்பில் கேட்டுச் சொன்னவர்கள் சராசரியாக 14 குறைத்துச் சொன்னார்கள். கொடியைப் பிடித்துச் சொன்னவர்கள் 21 குறைத்துச் சொன்னார்கள். எங்கள் இளம் டாக்டர் ஒருவர் டீ குடிக்கும்போது இதை எனக்கு வாசித்துக் காட்டினார். அவர் கையிலிருந்த பிஸ்கெட்டைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. ஆனால் அடுத்து அவர் சொன்னதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. அதே நகரத்திலிருந்து 2010-ல் இன்னொரு ஆராய்ச்சி. எந்த உதவியும் தேவைப்படாத, நல்லபடியாகப் பிறந்த குழந்தைகளுக்கு நிமிஷத்துக்கு நிமிஷம் துடிப்பை அளந்தார்கள். முதல் நிமிஷத்தில் நடுவாக நிற்கிற எண் 96! இரண்டாவது நிமிஷத்தில் 139. ஐந்தாவது நிமிஷத்தில் 163.

அப்படியென்றால் சௌக்கியமான குழந்தைகளிலேயே பாதிக்கு மேல் முதல் நிமிஷத்தில் 100-ஐத் தொடவில்லை. அதற்கு ஒரு காரணம், கொடியை உடனே கத்தரித்துவிடுகிற பழக்கம் என்கிறார்கள். அழுகிற குழந்தைக்குக் கொடியை ஒரு நிமிஷமாவது விட்டுவைத்துப் பிறகு கத்தரித்தால் துடிப்பு சீக்கிரமே ஏறிவிடுகிறது. (கொடி அறுத்த நேரத்தை ஜாதகத்துக்கு எடுக்கிறவர்கள் பஞ்சாங்கத்தைத் திருத்திக்கொள்ளவும்.) எனக்கு அதில் பட்டது இதுதான்: 100 என்பது கேட் போட்ட எல்லை இல்லை. ஒரு தடவை எண்ணினது போதாது. அரை நிமிஷம் விட்டு மறுபடி எண்ணு. ஏறுகிறதா, இறங்குகிறதா, நிற்கிறதா என்பதுதான் சமாசாரம். ஆயாம்மா ஒன்று கூட எண்ணாமல் காதாலேயே கண்டுபிடித்தது அதைத்தானே!

மெஷின் வந்த கதையைச் சொல்ல வேண்டும். பல்ஸ் ஆக்சிமீட்டர். டகுவோ அயோயாகி என்ற ஜப்பானிய இன்ஜினீயர் 1974-ல் கண்டுபிடித்த தத்துவம். நான் இருந்த ஒரு ஆஸ்பத்திரிக்கு (ஊரைச் சொல்ல மாட்டேன், பென்ஷன் வேண்டும்) பிறந்த குழந்தைகளுக்கென்றே ஒன்று சப்ளையாகி வந்தது. வந்த வேகத்தில் பீரோவுக்குள் போனது. கேட்டால், "ஒயர் ரொம்ப மெல்லிசு சிஸ்டர். அந்துபோனா யார் பொறுப்பு?" என்பார் ஸ்டோர்காரர். இன்ஸ்பெக்ஷன் அன்றைக்கு வெளியே வரும், அதிகாரி பார்ப்பார், திரும்ப உள்ளே போகும். ஆயுத பூஜைக்கு மட்டும் சந்தனம் குங்குமம் வைத்து ஒரு நாள் முழுக்க மேஜை மேல் இருந்தது. குழந்தைக்கு அது மாட்டப்பட்டதோ இல்லையோ, அதற்கு மாலை மாட்டப்பட்டது. கடைசியில் ஒரு டாக்டரம்மா, 'உடைந்தால் என் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளவும்' என்று வெள்ளைத் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு வாங்கி வந்தார். ஒயர் அறுந்ததா என்றால், அறுந்தது. சம்பளத்தில் பிடித்தார்களா என்பது அந்த அம்மாளுக்கும் கருவூலத்துக்கும் உள்ள விவகாரம்.

நல்ல மெஷின்தான். ஆனால் அவசரத்துக்கு உதவாத மாப்பிள்ளை மாதிரி, எண் காட்ட ஒன்று இரண்டு நிமிஷம் எடுத்துக்கொள்ளும். குழந்தையின் கை ஜில்லென்று இருந்தால் இன்னும் தாமதம். அதுவரை கோடு கோடாகக் காட்டிக்கொண்டு நிற்கும். ஈசிஜி அதைவிட வேகம். மூன்று ஒட்டுகளை ஒட்டினால் சில செகண்டில் துடிப்பைச் சொல்லிவிடும். 2015-லிருந்து சர்வதேச வழிகாட்டுதல்களில் அதற்கும் இடம் உண்டு. என்ன, பிறந்த குழந்தை உடம்பெல்லாம் மாவு பூசின மாதிரி வழவழவென்று இருக்கும், ஒட்டு நழுவும். நன்றாகத் துடைத்துவிட்டு ஒட்ட வேண்டும். இன்னொரு சூட்சுமமும் இருக்கிறது. ஈசிஜி காட்டுவது ஹார்ட்டில் ஓடுகிற கரண்ட்டைத்தான். எங்கள் ஊர்ப் பம்ப்செட்டில் மோட்டார் உறுமும், வாய்க்காலில் தண்ணீர் வராது, பார்த்திருப்பீர்கள். அந்த மாதிரி அபூர்வமாகச் சில சமயம் திரையில் எண் ஓடும், நெஞ்சில் துடிப்பு இருக்காது. அதனால் மெஷின் எத்தனை வந்தாலும் ஒருத்தர் காதில் ஸ்டெதஸ்கோப்போடு நிற்கத்தான் வேண்டும். இதை நான் விரல் மேல் உள்ள பாசத்தில் சொல்லவில்லை. (கொஞ்சம் பாசமும் உண்டு.)

ஆக்சிமீட்டரை வீட்டுக்கு வீடு பிரபலம் பண்ணியது கொரோனா. அதற்கப்புறம் எங்கள் பாடு திண்டாட்டமாகிவிட்டது. 2021 கடைசியில் ஒரு பிரசவம். துணைக்குப் பாட்டியை உள்ளே விட்டிருந்தோம். பிள்ளை பிறந்தது, துடைத்தோம், கொஞ்சம் சோம்பலாக முனகியது. சந்தேகத்துக்கு வலது கையில் ஆக்சிமீட்டரை மாட்டினோம். (வலது கைதான், மூளைக்குப் போகிற ரத்தத்தின் நிலவரம் அங்கேதான் சரியாகத் தெரியும்.) புதிதாகச் சேர்ந்த சின்ன சிஸ்டர் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக்கொண்டு விரலைத் தட்டுகிறாள். 13, 14 என்று போகிறது. நான் பார்த்துக்கொண்டே நிற்கிறேன், தாளம் பிசகவில்லை. திரையில் எண் வந்தது: துடிப்பு 142, ஆக்சிஜன் 66.

பாட்டி அலறினாள். "அய்யய்யோ! 66-ஆ? எங்க வீட்டுக்காரருக்கு 88-க்கே ஆம்புலன்ஸ் கூப்புட்டோமே! புள்ளைய விட்டுட்டீங்களே!"

"பாட்டி, இது பெரியவங்க கணக்கு இல்லை. பொறந்து ரெண்டு நிமிஷத்துல 65, 70 இருந்தாப் போதும். வயித்துக்குள்ள இருந்தவரைக்கும் கம்மியாத்தான் இருந்துச்சு. இனிமேதான் ஏறும். பத்து நிமிஷத்துல 85-க்கு மேல வந்துடும். பக்கத்துல இருக்கிற 142-ஐப் பாருங்க, அதுதான் நமக்கு வேணும்" என்றேன்.

பாட்டி என்னையும் நம்பவில்லை, 142-ஐயும் நம்பவில்லை. மடியிலிருந்து செல்போனை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். "டேய், ஆக்சிஜன் 66-தான்டா இருக்காம்! இவங்க நல்லாருக்குங்கிறாங்க!" என்று வராந்தா முழுக்கக் கேட்டது.

இருபது நிமிஷத்தில் மூன்று ஆம்பிளைகள் ஒரு ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். தாத்தாவுக்காக வாங்கி வீட்டில் வைத்திருந்த ஆக்சிஜன் மெஷினை இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கமாகத் தூக்கிக்கொண்டு வர, மூன்றாமவர் கையில் ஒயரோடு, "சிஸ்டர், பிளக் பாயின்ட் எங்க இருக்கு?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே வந்தார். குழந்தை அதற்குள் ரோஜா நிறத்துக்கு வந்து, அம்மா மேல் படுத்துப் பால் குடித்துக்கொண்டிருந்தது.

"வந்ததுதான் வந்தீங்க, கேன்டீன் அந்தப் பக்கம்" என்றேன். "பெத்தவளுக்கு ஒரு காப்பி வாங்கிட்டு வாங்க."